மூன்று முறை திரும்பி வந்த உறை

பல்லக்காவின் மேஜைக்கு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது வாய் வரும். ஆள் வருவதில்லை, வாய் மட்டும்தான். ஊரிலுள்ள பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் வேலை பார்க்கும் லேபில் அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றிக் காயவைத்து, செட் பல்லோ கேப்போ செய்து திருப்பி அனுப்புவார்கள். பதினாறு வருஷ அனுபவத்தில் அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. பிளாஸ்டர் வாயைக் கையில் எடுத்ததுமே ஆளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். "இந்த மனுஷன் ஆணியை வாயில கடிச்சுக்கிட்டு வேலை செய்யறவன், தச்சன்தான்" என்பாள். "இந்தப் பொண்ணுக்கு நூலைப் பல்லால வெட்டற பழக்கம்" என்பாள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். தப்பான இரண்டையும் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

இப்படிப்பட்டவளுக்குச் சொந்தப் பெண்ணின் வாயில் நடப்பது புரிய இரண்டு மாதம் ஆனது. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வாள்.

பெண்ணுக்கு ஏழு வயது. வீட்டில் ரேடியோ என்று பெயர். பகலில் பேசுகிற குழந்தைகள் எல்லா வீட்டிலும் உண்டு. இது தூக்கத்திலும் பேசும். உளறல் இல்லை, தெள்ளத்தெளிவான பேச்சு. கண்ணை மூடிப் பத்து நிமிஷம் போனால் அன்றைய செய்திகள் ஆரம்பமாகும். யாருடைய ரப்பரை யார் ஒளித்து வைத்தார்கள், டீச்சர் பார்க்காதபோது ஜன்னல் வழியாக எறிந்த மதியச் சாப்பாடு எத்தனை வாய், குளித்துவிட்டதாகச் சொன்ன நாளில் உண்மையில் முகம் மட்டும் கழுவியது, எல்லாம் வரிசையாக வெளியே வரும். காலையில் அவள் அப்பா அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவார். "நான் சொல்லவே இல்ல, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று குழந்தை திருதிருவென்று விழிக்கும். அப்பாவும் அம்மாவும் தட்டை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அப்பா பஸ் டிரைவர். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிடப் பெரிது. மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் என்று போகிற வண்டியைப் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுகிறவர். ஆனால் தூசி விழுந்த கண்ணைப் பல்லக்கா ஊதிவிட வந்தால் கட்டிலைச் சுற்றி ஓடுவார்.

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பல்லக்கா லேபிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது நறநறவென்று ஏதோ அரைபட்டது. பக்கத்து வீட்டில் தரைக்கல்லைத் தேய்க்கிறார்கள் என்று நினைத்தாள். கூடத்தைத் தாண்டிப் போனால், சத்தம் கட்டிலிலிருந்து வந்தது. ரேடியோ ஒருக்களித்துப் படுத்து, தாடை இறுகி, தூக்கத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க அரைக்கும் மோட்டாரோடு குடும்பம் நடத்துகிறவள்தான் பல்லக்கா. ஆனாலும் அந்தச் சின்ன வாயிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டுக் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கட்டிலோரம் குனிந்தாள். காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தாள். தாடை மூட்டு கல்லாக இருந்தது.

அன்றைக்கு ரேடியோ தூக்கத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. செய்தி நின்றுபோய், அந்த இடத்தில் நறநற மட்டும் வந்தது.

"வயித்துல பூச்சியா இருக்கும்" என்றார் டிரைவர், கேட்ட மாத்திரத்தில்.

"அதெல்லாம் பழைய கதைங்க."

"இல்ல இல்ல, பூச்சிதான். மருந்து குடுத்தா சரியாயிடும்." அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் வைத்தியம் சொன்னதில்லை. அன்று சாயங்காலமே பூச்சி மருந்து வாங்கி வந்தார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் கொடுத்தார். பூச்சி இருந்ததோ இல்லையோ, நறநற போகவில்லை.

லேபுக்கு வேலை அனுப்புகிற டாக்டரம்மா ஒருவரிடம் பல்லக்கா குழந்தையைக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா குழந்தையின் வாயைப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார். "பால்பல்தானே, கொஞ்சம் தேஞ்சிருக்கு. இந்த வயசுல நிறையப் பிள்ளைங்க கடிக்கும், தானா நின்னுடும். வளர்ற வாய், இதுக்குப் பல்லு மேல மாட்டற உறைகூட வேண்டாம். ஆமா, வீட்டுல ஏதாவது பதற்றமா? ஸ்கூல்ல பரீட்சை, பயம், அந்த மாதிரி?"

"எங்க வீட்டுலயா? நாங்க சண்டையைக்கூட மெதுவா போடறவங்க டாக்டர்."

"ஏதாவது புதுசா மாறியிருக்கா?"

பல்லக்கா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். மாறியிருந்தது. சரியாக இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் லேபில் தலைமைப் பொறுப்புக்கு வந்திருந்தாள். ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த இடம். பன்னிரண்டு பேருடைய வேலையும் அவள் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகவேண்டும். அதனால் தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வீடு வந்தாள். அந்த ஒரு மணி நேரம் ரேடியோ அப்பாவோடு இருந்தாள், அல்லது அப்பா வரும்வரை எதிர்வீட்டில் இருந்தாள்.

கணக்கு அவ்வளவுதான் என்று பல்லக்காவுக்குத் தோன்றிவிட்டது. அம்மா லேட், பெண் பல்லைக் கடிக்கிறாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது குழந்தை தோளில் சாய்ந்துகொண்டு கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தது. பல்லக்கா ஒரு பலகையையும் பார்க்கவில்லை. யாரோ தன் மேஜையை மடித்து ஓரமாக வைத்த மாதிரி அவளுக்கு இருந்தது.

மூன்று நாள் யோசித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினாள். 'தலைமைப் பொறுப்பு வேண்டாம், பழையபடி சாதாரண மேஜையிலேயே இருந்துகொள்கிறேன்' என்று லேப் முதலாளிக்கு. முதல் தேதி கொடுப்பதாக முடிவு. கொடுப்பதற்கு முன் கணவரிடம் நீட்டினாள். மனசுக்குள் ஒரு ஆசை. 'உனக்கென்ன பைத்தியமா, இதுக்காகவா ஒன்பது வருஷம் காத்திருந்தே' என்று அவர் கிழித்துப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

டிரைவர் காகிதத்தைக் கையில் வாங்கினார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கொஞ்சம் கிட்டே பிடித்தார். தலையை ஆட்டினார்.

"நல்லா எழுதியிருக்கே. இப்படியே குடு."

"இப்படியேவா?"

"ஆமா, இதுல மாத்தறதுக்கு என்ன இருக்கு?"

பல்லக்கா கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டாள். இரண்டு நாள் அவரிடம் 'ம்', 'ஊகூம்' தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்தில் மற்றதெல்லாம் கோபமாகவே கண்ணில் பட்டது. மழையே பெய்யாத மாதத்தில் மனிதர் தினமும் பேண்ட் ஓரம் நனைந்து வருகிறார். கேட்டால் "வண்டிக்குத் தண்ணி ஊத்தினேன்" என்கிறார். டீயைக் கப்பில் ஊற்றச் சொன்னால் பாதி மேஜைக்குப் போகிறது. போனில் ஒரு செய்தி வந்தால் "ரேடியோ, இதை அப்பாவுக்குப் படி" என்று குழந்தையைக் கூப்பிடுகிறார். போதாக்குறைக்கு, தலைமைப் பொறுப்பு வந்த அன்றைக்கு லேபில் எல்லோரும் சேர்ந்து கொடுத்த பச்சைக் கப்பையும் காணவில்லை. கொடுத்தவர்களில் ஒருத்தி வீட்டுக்கு வந்து போன பிறகுதான் காணோம் என்பதால், ஒரு மாதமாக அந்தப் பாவப்பட்ட பெண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கடிதம் கொடுப்பது இருக்கட்டும், அதற்குள் பல்லையாவது காப்பாற்றுவோம் என்று டாக்டரம்மா வேண்டாமென்ற உறையைச் செய்ய உட்கார்ந்தாள். பல் செய்கிறவளிடம் போய் உறை வேண்டாம் என்றால் கேட்பாளா?

அச்செடுத்தபோது ரேடியோ ஒத்துழைத்தாள். பசை புதினா வாசனையாக இருக்கிறது என்றாள், தொண்டைக்குள் வண்டி போகிறது என்றாள், பசைத் தட்டு வாயில் இருக்கும்போதே இதையெல்லாம் சொன்னாள். காய்ந்த பிளாஸ்டரைக் கையில் எடுத்துப் பார்த்தபோது பல்லக்காவுக்குக் கண் கலங்கியது. கூர்மையாக இருக்கவேண்டிய சின்னச் சின்ன முனைகள் எல்லாம் மழுங்கித் தட்டையாகக் கிடந்தன. நாற்பது வயது ஆட்களின் வாயில்தான் அவள் இப்படிப் பார்த்திருக்கிறாள். தச்சனா, தையல்காரியா என்றெல்லாம் சொல்லத் தெரிந்தவளுக்கு இந்த வாயைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து உறையைச் செய்தாள். குழந்தை பச்சை நிறம் கேட்டாள், பச்சை. மினுமினுப்பு கேட்டாள், அதுவும் போட்டாள். ரேடியோ அதைப் பகல் முழுக்க மாட்டிக்கொண்டு வாத்து மாதிரி பேசித் திரிந்தாள். எதிர்வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். ஆனால் தூங்கப் போகும்போது மட்டும் கழற்றிப் பென்சில் டப்பாவில் வைத்தாள்.

"ஏன்டி கழட்டினே?"

"வாய் மூட மாட்டேங்குதும்மா."

பல்லக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் அவள் கைவேலை 'சரியா உட்காரலை' என்று லேபுக்குத் திரும்பி வரும். சொந்த வீட்டிலேயே திரும்பி வருவதா! லேபுக்கு எடுத்துப்போய் மேல்பக்கம் தேய்த்தாள், பாலிஷ் போட்டாள், கொண்டுவந்தாள். மறுபடியும் பென்சில் டப்பா. "இன்னும் மூடல." இன்னும் தேய்த்தாள். சனிக்கிழமை மூன்றாம் முறையாகத் தேய்த்தபோது நகத்தைவிட மெல்லிசாக ஆகிவிட்டது. இதற்கு மேல் தேய்த்தால் மினுமினுப்பு மட்டும்தான் மிச்சமிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிரைவருக்கு டியூட்டி. சாப்பிட்டு முடித்ததும் பல்லக்கா உறையைக் கழுவிக் குழந்தையிடம் நீட்டினாள். ரேடியோ மாட்டினாள். உதட்டைச் சேர்த்துப் பார்த்தாள். விரலால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"பல்லு பல்லோட சேரலம்மா. நடுவுல சந்து இருக்கு."

"உறைன்னா அப்படித்தான் கண்ணு இருக்கும். பல்லும் பல்லும் தொடக் கூடாதுன்னுதான் அம்மா செஞ்சதே. உனக்கு எதுக்கு அவ்வளவு இறுக்கி மூடணும்?"

"மூடலன்னா பேச்சு வெளிய வந்துடும்ல?"

பல்லக்கா குழந்தைக்கு எதிரே குனிந்தாள்.

"எந்தப் பேச்சு?"

"தூக்கத்துல நான்தான் எல்லாத்தையும் சொல்லிடறேனே. அதான் பல்லை நல்லாக் கடிச்சுக்கிட்டுத் தூங்கறேன். அப்ப வராது." குழந்தை உறையைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். "நீ நல்லாத்தான் செஞ்சிருக்கே. எனக்குப் பிடிச்சிருக்கு. பகல்ல போட்டுக்கறேன்."

பல்லக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதம்! ஏழு வயசுக் குழந்தை தன் வாய்க்குத் தானே காவல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. அதற்குப் பூச்சி மருந்து கொடுத்து, டாக்டரிடம் காட்டி, மினுமினுப்பு உறை செய்து, வேலையையும் விடப் பார்த்தோமே என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அது என்ன விஷயம் கண்ணு?"

"சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

குடைந்து கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வந்திருக்கும். மிட்டாய்கூடத் தேவைப்பட்டிருக்காது. பல்லக்கா கேட்கவில்லை. இரண்டு மாதமாக உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய வார்த்தையை ஒரு மத்தியானத்தில் பிடுங்குவது நியாயமாகப் படவில்லை. தவிர, அந்த வீட்டில் இருப்பது மொத்தம் மூன்று பேர். சத்தியம் வாங்கியது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. குழந்தையை மடியில் போட்டுத் தட்டித் தூங்க வைத்தாள். தூங்கியதும் நறநற ஆரம்பித்தது. இந்த முறை அதைக் கேட்டு அவள் பதறவில்லை. தாடையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "என் ராஜாத்தி, என் பூட்டு" என்று மெதுவாகக் கொஞ்சினாள்.

நாலு மணிக்கு டிரைவர் வந்தார், பேண்ட் ஓரம் நனைந்து. பல்லக்கா நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்ததும் பிளாஸ்டர் அச்சை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கட்டைவிரலால தடவிப் பாருங்க."

அவர் தடவினார். "வழவழன்னு இருக்கு. யாரோ வயசானவங்களுதா?"

"உங்க பொண்ணோடது. தூக்கத்துல உளறிடுவோமோன்னு பயந்து, ரெண்டு மாசமா உங்க ரகசியத்தைப் பல்லால கடிச்சு வெச்சிருக்கா."

டிரைவர் மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார். அச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய உடம்பு நாற்காலிக்குள் சின்னதாகப் போய்விட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வருஷா வருஷம் டிப்போவில் நடக்கும் கண் பரிசோதனையில் இந்த முறை நாலாவது வரியிலேயே கோட்டை விட்டுவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொண்டு மூன்று மாதத்துக்குள் சர்டிபிகேட் கொண்டுவந்தால் வண்டி, இல்லாவிட்டால் இனி ஸ்டியரிங்கே கிடையாது. அதுவரைக்கும் பஸ் கழுவும் ஷெட்டில் வேலை. ஒருநாள் பள்ளிக்கூட வேன் டிப்போ வாசலில் நின்றபோது ரேடியோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். இவர் கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றுகொண்டிருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் வாய் மேல் விரலை வைத்துக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"நீ அப்பத்தான் தலைமையா ஆனே. அன்னைக்கு உன் முகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சு பாரு. அதைக் கெடுக்க மனசு வரல."

"பொய்."

"சரி, பயமும்தான். கண்ணை முழிச்சுக்கிட்டே இருக்கணுமாம். கத்தி கிட்ட வர்றது தெரியுமாம்."

"அப்போ அந்தக் கடுதாசி?"

"எந்தக் கடுதாசி?"

"நான் பொறுப்பு வேண்டாம்னு எழுதினது! 'நல்லா எழுதியிருக்கே, இப்படியே குடு'ன்னு சொன்னீங்களே!"

டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அதுவா அது? நான் ஏதோ லீவு லெட்டர்னு நினைச்சேன். எனக்கு வெறும் சாம்பல் கோடுதான் தெரிஞ்சுது. ஐயோ, பொறுப்பு வேண்டாம்னா எழுதினே? எங்க அது, குடு!"

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை நாலாகக் கிழித்து, போதாதென்று எட்டாகவும் கிழித்தார். அதில் ஒரு மின்சார பில்லும் சேர்ந்து போயிற்று. பல்லக்கா மிச்சமிருந்த கோபத்தையும் அப்போதே விட்டுவிட்டாள்.

சத்தத்தில் ரேடியோ எழுந்து வந்து வாசலில் நின்றாள். அப்பாவையும் அம்மாவையும் கிழிந்த காகிதத்தையும் பார்த்தாள். இரண்டு உதடும் தானாக ஒட்டிக்கொண்டன. டிரைவர் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"செல்லம், அப்பாவே அம்மாகிட்ட சொல்லிட்டேன். சத்தியம் முடிஞ்சு போச்சு. இனிமே நீ பேசலாம். அப்பா உன்கிட்ட அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. தப்பு அப்பாவோடது."

"முழுசா முடிஞ்சுதா?"

"முழுசா."

"அம்மா," என்று ரேடியோ மூச்சை இழுத்தாள். "அப்பா பஸ் கழுவறாரும்மா! நான் பார்த்தேன்! எவ்வளவு நல்லாக் கழுவறாரு தெரியுமா, கூரை மேலகூட! மத்தவங்க கழுவின பஸ்ஸெல்லாம் அழுக்கு, அப்பா கழுவினதுதான் பளபளன்னு இருக்கு. இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு!"

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வாய் ஓயவில்லை. டிரைவர் முகத்தை அவள் தலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியதைப் பல்லக்கா பார்த்தாள், பார்க்காத மாதிரி எழுந்து டீ போடப் போனாள்.

நறநற அடுத்த நாளே நின்றுவிட்டது என்று சொன்னால் அது கதை. ஆபரேஷன் தேதி குறித்த வாரத்தில் இரண்டொரு நாள் மறுபடி கேட்டது. இந்த முறை எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், படுக்கப் போகுமுன் மூன்று பேரும் உட்கார்ந்து அவரவர் பயத்தைச் சொன்னார்கள். பட்டியலில் டிரைவருடையதுதான் நீளம். "நான் வேணா உங்க கையைப் பிடிச்சுக்கட்டுமாப்பா?" என்று குழந்தை கேட்டது. உள்ளே விடமாட்டார்கள் என்றதும், தன் பச்சை உறையை டப்பாவோடு அவர் சட்டைப் பையில் போட்டு அனுப்பியது.

கண் ஆஸ்பத்திரியில் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். பதினொன்றுக்கெல்லாம் டிரைவர் முதல் கண்ணில் கட்டோடு வெளியே வந்துவிட்டார். "அவ்வளவுதானா! இதுக்கா!" என்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். காலையில் சீக்கிரம் எழுந்த அலுப்பில் ரேடியோ அம்மாவின் மடியில் தலையும் அப்பாவின் மடியில் காலுமாகத் தூங்கிவிட்டாள். சுற்றிலும் நாலைந்து கண் கட்டுக்காரர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

பழக்கத்தில் பல்லக்கா குழந்தையின் காதுக்கு முன்னால் விரலை வைத்தாள். தாடை தளர்ந்து கிடந்தது. உதடு லேசாகத் திறந்திருந்தது. புதிதாக முளைக்கிற முன்பல்லின் ஓரம் ரம்பம் மாதிரி, தேயாமல் தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வாய் அசைந்தது.

"அந்தப் பச்சைக் கப்பை அப்பாதான் உடைச்சாரு" என்றாள் ரேடியோ, தெள்ளத்தெளிவாக. "உடைச்சிட்டு குப்பைத் தொட்டியில அடியில போட்டு மேல பேப்பர் வெச்சாரு."

கண் கட்டுக்காரர்கள் எல்லோரும் மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் ஒற்றைக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

"அதையும் உளறிட்டாளா" என்று முனகினார்.

பல்லக்காவுக்குச் சிரிப்பில் உடம்பு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. மடி அசைந்தால் குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கப்பின் மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை! இப்போது அது நூறு துண்டாகப் போயிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. சிரிப்பு அடங்கியதும் குனிந்து, குழந்தையின் காதோரம் வாயை வைத்து, மிக மெதுவாகக் கேட்டாள்.

"வேற?"